டைரியில் பெயரில்லாத பதினோரு பாட்டு

போன புதன்கிழமை காலை பத்தேமுக்கால் மணிக்கு, போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடை பெஞ்சில் வைத்து, ஒரு பெண்மணி என் டைரி தப்பு என்று சொல்லிவிட்டார்.

என் டைரி!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அந்த டைரியைப் பற்றி நன்றாகவே தெரியும். பதினேழு வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதுகிறேன். மழை பெய்தால், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு விட்டது என்று இருக்கும். மதுரை ரயில் தாமதமாகக் கிளம்பினால், எத்தனை நிமிஷம் என்று இருக்கும்.

என் உத்தியோகம் அப்படி. ஏலக்காய்க் கமிஷன் கடையில் சாம்பிள் பார்க்கிறவன் நான். மூட்டைக்குள் கையை விட்டு மேலே கொஞ்சம், நடுவில் கொஞ்சம், அடியில் கொஞ்சம் என்று காய் எடுத்து, நிறமும் பருமனும் பார்த்துத் தரம் சொல்ல வேண்டும். சிலர் மூட்டையின் மேல்வாயில் மட்டும் நல்ல பச்சைக் காயாகப் பரப்பி வைத்திருப்பார்கள். அதை நம்பித் தரம் சொன்னால் அன்றைக்கே என் பெயர் கெட்டுவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் ஏமாந்ததில்லை.

அப்பேர்ப்பட்ட கை எழுதுகிற டைரியில் தப்பு இருக்குமா?

இருந்தது.

கண்டுபிடித்தவர் வெள்ளைத்தாய் அக்கா. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் பதின்மூன்று வயதிலிருந்து காய் எடுக்கிறவர். இப்போது ஐம்பத்தெட்டு. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பாட்டுக் கட்டுவார். மெட்டும் அவருடையதுதான், வார்த்தையும் அவருடையதுதான். செடிக்கு அடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டே கட்டி, மனசிலேயே வைத்துக்கொண்டு, கோயில் திருவிழா மேடையில் வந்து பாடுவார். துணைக்கு ஒரே ஒரு டோலக். பின்பாட்டுக்கு ஆள் கிடையாது. எடுத்துப் பாடுவதும் அவர்தான், ஏந்திப் பாடுவதும் அவர்தான்.

எங்கள் பக்கத்தில் அவருடைய ஜீப்புப் பாட்டைத் தெரியாதவர் உண்டா?

*வளைவுக்கு வளைவு ஆரன் அடிக்கிறியே – என்*
*வளையல் சத்தம் மட்டும் கேக்கலையோ மச்சான்?*

மலைப்பாதையில் ஜீப்பு ஓட்டுகிற ஒவ்வொருத்தரும் அது தன்னைப் பற்றிய பாட்டு என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அக்காவுக்கு ரசிகர்கள் ஏராளம். கமிஷன் கடை ஆட்கள், டிரைவர்கள், இரண்டு மூன்று வாத்தியார்கள். சங்கம், போர்டு என்றெல்லாம் எதுவும் கிடையாது. அவர் எங்கே பாடினாலும் போய்விடுவோம், அவ்வளவுதான். அதில் எனக்கு ஒரு தனிப் பதவி உண்டு. நான் சீட்டு வாசிக்கிறவன்.

கூட்டத்தில் இருப்பவர்கள் தங்களுக்கு வேண்டிய பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள் இல்லையா? அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே பன்னிரண்டு வருஷமாக மேடை ஓரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சீட்டுகளைப் பிரித்து, அடுக்கி, வாசித்துச் சொல்வது நான்தான். எந்தப் பாட்டுக்கு எத்தனை சீட்டு என்பதும் டைரியில் ஏறிவிடும்.

இந்த வருஷம் பக்கத்து ஊரான சிலமலையில், திருவிழாவின்போது அக்காவுக்குப் பொன்னாடை என்று கமிட்டி முடிவு செய்தது. உடனே பாண்டி என்னிடம் ஓடி வந்தான். மைக் செட்டு வாடகைக்கு விடுகிறவன். மூன்று வருஷமாகக் கேசட் கடையும் வைத்திருக்கிறான்.

“அண்ணே, அன்னைக்கு ஆத்தா பாடுறத அப்படியே கேசட்டுல புடிச்சிருவோம். பக்கத்துக்கு அரை மணி நேரம். எந்தெந்தப் பாட்டுன்னு ஒரு பட்டியல் போட்டுக் குடுங்க. உங்கள விட்டா யாருக்குத் தெரியும்?”

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் பிடித்திருந்தது. சீட்டுக் கணக்கைக் கூட்டி, அதிகச் சீட்டு வந்த பன்னிரண்டு பாட்டுகளை வரிசையாக எழுதி, அடியில் கோடு போட்டேன். ஸ்கேல் வைத்துத்தான்.

புதன்கிழமை அக்கா முட்டிக்கு ஊசி போட்டுக்கொள்ள மலையிலிருந்து காலை ஜீப்பில் இறங்கியிருந்தார். டீக்கடை பெஞ்சில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பாண்டியும் நானும் போனோம்.

“வாசி தம்பி” என்றார்.

பன்னிரண்டையும் வாசித்தேன். முழுக்கக் கேட்டார். டீயை ஒரு மடக்குக் குடித்தார்.

“நல்ல பட்டியலுதான். இதுல நான் எங்க?”

எனக்குப் புரியவில்லை. “பன்னெண்டும் நீங்க கட்டுன பாட்டுதானேக்கா?”

“அதெல்லாம் ஒரு சின்னப்பிள்ள கட்டுனது. இருபத்தஞ்சு வயசு அவளுக்கு. ஜீப்பு டிரைவரப் பாத்தாப் பல்லக் காட்டுவா. முட்டி வலியும் கெடையாது, மூளையும் கெடையாது. நல்ல பிள்ளதான், நான் ஒண்ணும் சொல்லல. அவ பாட்ட நானும் பாடத்தான் செய்யிறேன். ஆனா இந்தப் பத்துப் பன்னெண்டு வருசமா நான் என்ன வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தேன்?”

பாண்டி சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“சீட்டுக் கணக்குப்படிதான்க்கா போட்டேன்…”

“சரி. டைரி கையில இருக்குல்ல? போன வருசம் சிலமலையில கடைசியா என்ன பாடுனேன்? பாரு.”

சீட்டுக் கணக்குக்காகப் போன வருஷ டைரியையும் கொண்டுபோயிருந்தேன். புரட்டினேன். இருந்தது. “‘ஏழு இருபது – ஒரு புதுப்பாட்டு.’”

“அதுக்கு முந்தி?”

“‘ஏழு பத்து – ஒரு புதுப்பாட்டு.’”

“பேரு?”

பேரு இல்லை.

“அன்னைக்குத் தூறல் விழுந்துச்சே, அது இருக்கா?”

“இருக்குக்கா. ஆறு நாற்பத்தஞ்சுக்குத் தொடங்கி ஆறு அம்பதுக்கு விட்டிருக்கு.”

“அஞ்சு நிமிசத் தூறலுக்கு மணி இருக்கு. எம் பாட்டுக்குப் பேரு இல்ல. டைரி தப்பு தம்பி.”

டீக்கடைக்காரர்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அக்கா பாண்டி பக்கம் திரும்பினார். “அப்பு, கேசட்டுக்கு ரெண்டு பக்கம்தான? ஒரு பக்கம் அந்தச் சின்னப்பிள்ளைக்கு. இன்னொரு பக்கம் எனக்கு.”

“ஆத்தா, கடைக்கு வர்றவுக எல்லாம் கேக்குறது ஜீப்புப் பாட்டுதான். புதுசப் போட்டா யாரு வாங்குவா?”

“நான் சொல்றதக் கேளு. கேசட்டுன்னா நான் போனப்பறமும் பாடும்ல? அப்ப அவ மட்டும் பாடிக்கிட்டிருப்பா. நான் ஊமையாக் கெடக்கணுமா?”

பாண்டி தலையைச் சொறிந்தான். பிறகு ஒரு நிபந்தனை போட்டான். முதல் பக்கம் என் பட்டியலில் முதல் ஆறு பாட்டு. இரண்டாம் பக்கம் அக்காவின் புதுசு. ஆனால் கூட்டம் எழுந்து போக ஆரம்பித்தால் பட்டனை அமுக்கி நிறுத்திவிடுவான். அந்தப் பக்கத்திலும் பழைய பாட்டுதான் ஏறும்.

“சம்மதமாத்தா?”

“சம்மதம். மதி” என்றார். மலையிலேயே இருந்து இருந்து, ‘போதும்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவருக்கு மலையாளம்தான் வரும். சுவரைப் பிடித்து எழுந்து, ஜீப்பு நிற்கிற இடத்துக்கு நடந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பன்னிரண்டு வருஷ டைரிகளையும் இறக்கி வைத்துப் பார்த்தேன். ‘ஒரு புதுப்பாட்டு’ என்று முப்பத்து நான்கு இடங்களில் எழுதியிருந்தேன். முப்பத்து நான்கும் வேறு வேறு பாட்டா? இல்லை, நாலைந்து பாட்டுத்தான் திரும்பத் திரும்ப வருகிறதா? தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை!

எப்படி நடந்தது இது? யோசித்துப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. புதுப்பாட்டுக்கு யாரும் சீட்டு அனுப்புவதில்லை. ஆகவே அவர் புதுப்பாட்டு பாடுகிற நேரம்தான் எனக்கு ஒழிந்த நேரம். வந்து குவிந்த சீட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருப்பேன். மேடையில், அவருக்கு நாலடி தூரத்தில், அவரிடம் பழசைக் கேட்கிற சீட்டுகளை அடுக்கிக்கொண்டு!

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். அவர் குரல் இறங்கிவிட்டது என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். ‘முன்ன மாதிரி இல்லப்பா’ என்போம். பிடித்த பாடகரைப் பற்றி ரசிகர்கள் சொல்கிற மிகக் கொடுமையான வார்த்தை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. நமக்கு நரைக்கலாம், கண்ணாடி மாற்றலாம். அவர்கள் மட்டும் நாம் முதலில் பார்த்த நாளிலேயே நின்றுகொண்டிருக்க வேண்டும். என்ன நியாயம்?

ஞாயிற்றுக்கிழமை. சிலமலை. ஐந்து மணிக்கே தொடங்கிவிட்டார்கள், மலைக்குத் திரும்புகிறவர்களுக்கு ஜீப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காக. முன்னால் ஆண்கள். பின்னால், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் பெண்கள். உள்ளூர்க்காரர்கள், மலையிலிருந்து இறங்கியவர்கள், தினமும் சிலமலையிலிருந்து பஸ்ஸேறி போடிக்குக் காய் பொறுக்கித் தரம் பிரிக்க வருகிற பெண்கள்… எல்லோரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பொன்னாடை போட்டார்கள். அக்கா அதை மடித்து முட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் பக்கம் பிரமாதமாகப் போயிற்று. சீட்டு மழை. ஜீப்புப் பாட்டை இரண்டு தடவை பாட வைத்தார்கள். பாண்டி மேடைக்குக் கீழே டேப் ரிக்கார்டர் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கேசட்டைத் திருப்பிப் போட்டான்.

அக்கா ஒரு வாய் தண்ணீர் குடித்தார். டோலக்கை மெதுவாக வாசிக்கச் சொன்னார்.

*ஏறும்போது மலை சிறுசு*
*எறங்கும்போது மலை பெருசு*
*கூடையில பாரம் கொறஞ்சிருச்சு – எம்*
*முட்டியில வந்து சேந்திருச்சு*
*எப்ப நீ வளந்தே மலையே – என்னக்*
*கேக்காம எப்ப நீ வளந்தே?*

அன்றுதான் அந்தப் பாட்டை முதல் தடவையாக முழுக்கக் கேட்டேன். டைரிப்படி பார்த்தால் அதற்கு முன்பும் எத்தனையோ தடவை கேட்டிருக்க வேண்டும்! முன்பெல்லாம் அவர் குரல் ஆரன் மாதிரி எதிர்மலையில் மோதித் திரும்பும். இந்தக் குரல் அவ்வளவு தூரம் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நம்மோடு பேசியது. இதையா குரல் இறங்கிவிட்டது என்றோம்?

ஆனால் முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள்.

“ஏலே, வா. டீ குடிச்சிட்டு வருவோம்.”

அவர்களுக்குப் பின்னால் நாலு பேர். ஒரு விசில். “ஜீப்பு! ஜீப்பு!” என்று ஒரு குரல். மேடைக்கு ஏழு சீட்டு வந்தது. பாண்டி என்னைப் பார்த்தான். விரல் பட்டன்மேல் இருந்தது.

அக்காவும் பார்த்துவிட்டார். பாட்டை நிறுத்தி மைக்கிலேயே கேட்டார்.

“தம்பி, சீட்டு என்ன சொல்லுது?”

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கா படிக்கத் தெரியும்? ‘இதே பாட்டைத்தான் கேட்கிறார்கள்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பக்கம் பிழைத்தது. வாய் வரை வந்தது. ஆனால் பன்னிரண்டு வருஷமாக என் வாயை நம்பித்தானே அவர் அந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறார்?

“ஏழும் பழைய பாட்டுதான்க்கா” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபமில்லை. கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசையை அல்ல… அதற்கும் பின்னால்.

“எழுதத் தெரிஞ்சவுக கேட்டுட்டீக. சந்தோசம். எழுதத் தெரியாதவுகளுக்கு என்ன வேணும்? வாயத் தெறந்து சொல்லுங்க.”

பின்னால் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திருவிழாவில், அத்தனை ஆண்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மேடையைப் பார்த்துக் குரல் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கிடையாது. ஒருத்தி முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். இன்னொருத்தி பக்கத்திலிருப்பவளை இடித்தாள். பாண்டியின் விரல் அப்படியே இருந்தது.

அப்போது வைக்கோல் போர் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். பேச்சி. எங்கள் கடைக்குக் காய் பொறுக்குகிற பெண்.

“பாதியில நிறுத்துனா என்னக்கா அர்த்தம்? அந்த மலைப் பாட்ட முழுசாப் பாடு. நாங்க காய் பொறுக்குறதே அந்தப் பாட்டுலதான்!”

அவ்வளவுதான். அணை திறந்த மாதிரி ஆகிவிட்டது.

“அது முடியவும் அட்டைக்கடிப் பாட்டு!”

“கைநாட்டுப் பாட்டு பாடுங்கத்தா!”

“எனக்கு மூடுபனிப் பாட்டு!”

“மருமகப் பாட்டு மட்டும் வேண்டாம்க்கா, எங்க அத்த இங்கனதான் உக்காந்திருக்கு!”

“பாடு தாயி, நானும்தான் கேக்குறேன்!” – இது அந்த அத்தை.

கூட்டம் முழுக்கச் சிரித்தது. நான் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கையிலிருந்த சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். மலை, அட்டை, கைநாட்டு, மூடுபனி, மருமகள்… எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. மொத்தம் பதினோரு பெயர். என் டைரியில் இல்லாத பதினோரு பாட்டு!

அக்கா மறுபடி எடுத்தார். ‘எப்ப நீ வளந்தே மலையே’ என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். பின்பாட்டு இல்லாத பாடகி அல்லவா? அன்று வைக்கோல் போர் பக்கத்திலிருந்து பின்பாட்டு எழுந்தது.

*எப்ப நீ வளந்தே மலையே – என்னக்*
*கேக்காம எப்ப நீ வளந்தே?*

ஒரு சொல் பிசகவில்லை. இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அத்தனை பேரும் ஒரே மூச்சில் பாடினார்கள். சிலருடைய விரல்கள் மடியில் காய் பொறுக்குகிற மாதிரியே அசைந்துகொண்டிருந்தன. எத்தனை பேர் பாடினார்கள் என்று கேட்காதீர்கள். அன்று நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

டீ குடிக்கப் போனவர்கள் கிளாஸோடு திரும்பி வந்து ஓரமாக நின்றுகொண்டார்கள். அவர்களில் வயதான ஒரு ஜீப்பு டிரைவர், “நமக்கும் முட்டி வலிதான்ப்பா” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு தரையில் மெதுவாக உட்கார்ந்தார்.

பாண்டி? அவன் பட்டனிலிருந்து விரலை எடுத்து ரொம்ப நேரமாகியிருந்தது. நாலாவது பாட்டின் நடுவில் ‘டக்’கென்று டேப் தீர்ந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வேறு காலிக் கேசட் கொண்டுவரவில்லை. பைக்குள் கையை விட்டு, கடையில் விற்க வைத்திருந்த ஏதோ ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டை உருவினான். அந்த மாதிரிக் கேசட்டில் மேல் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதை அடைத்தால்தான் மேலே வேறு பாட்டைப் பதிய முடியும்.

“அண்ணே, ஒரு பேப்பர்! வெரசாக் கொண்டாங்க!”

கையிலிருந்த ஒரு சீட்டைக் கொடுத்தேன். கசக்கி, பள்ளத்தில் திணித்து, பட்டனை அமுக்கினான். ‘ஜீப்புப் பாட்டு வேண்டும்’ என்று யாரோ எழுதிய சீட்டு அது. அதை வைத்து அடைத்துத்தான் கைநாட்டுப் பாட்டு பதிவானது!

அன்று எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. எங்கள் ஊர் ஏலக்காய் எங்கெங்கோ போகிறது என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையடிப்பேன். இனிமேல் அதோடு சேர்த்து இதையும் சொல்வேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பெண் இதுவரை கட்டிய எல்லாவற்றையும்விட நல்ல பாட்டுகளைக் கட்டியிருக்கிறார். ஒரு காகிதத்தில்கூட எழுதாமல் அவற்றைப் பிசகின்றி வைத்திருக்கிற பெண்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. பதினேழு வருஷமாகத் தினமும் நான் போய் வருகிற இடம் எங்கள் கடையின் காய் பொறுக்குகிற செட்டு, அந்தக் கொட்டகை. அங்கே பாடுகிறார்களாம். என் காதில் எப்படி ஒரு நாள்கூட விழவில்லை?

திங்கட்கிழமை காலை பேச்சியிடம் கேட்டேன். தட்டில் வெடித்த காயை ஒதுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் பதில் சொன்னாள்.

“மலையில காய் எடுப்பு முடியவும் அங்கிட்டுச் சோலி இல்லாதவுக நம்ம செட்டுக்குப் பொறுக்க வருவாகல்ல? லோடு ஜீப்புல மூட்டையோட பாட்டும் வந்துரும். நீ உள்ள வந்தா நாங்க வாய மூடிருவோம்.”

“ஏன்?”

“பாடிக்கிட்டே பொறுக்குனாக் காய் சுத்தமா இருக்காதுன்னு நீதான சாம்பிள் அண்ணே ஒருக்காச் சொன்ன?”

வீட்டுக்கு வந்து டைரியைப் பார்த்தேன். சொல்லியிருக்கிறேன். தேதியோடு இருக்கிறது.

மூட்டையின் அடிவரை கை விடுகிறவன், பாட்டில் மட்டும் பன்னிரண்டு வருஷமாக மேல்வாயிலேயே சாம்பிள் எடுத்திருக்கிறேன். சீட்டு எழுதுகிறவர்கள் மேலே தெரிந்த காய். மற்றவர்களை நான் தொட்டுப் பார்க்கவே இல்லை.

எழுதிய பக்கத்தில் பின்னால் கை வைப்பதில்லை என்பது என் டைரி விதி. ஆகவே பழைய ‘ஒரு புதுப்பாட்டு’களை அப்படியே விட்டுவிட்டேன். திங்கட்கிழமைப் பக்கத்தில் ‘திருத்தம்’ என்று தலைப்புப் போட்டு, பதினோரு பெயரையும் எழுதினேன். மறுநாள் பேச்சியிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு பெயர் தப்பு என்றாள். மாற்றினேன். செட்டில் எல்லோரும் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இம்புட்டு எழுதுறியே” என்றாள் பேச்சி. “அடுத்த மாசம் போடியில ஆத்தா பாடுதாம்ல? எங்களுக்கும் சீட்டு எழுதிக் குடு. ஒவ்வொரு தடவையும் நான் எந்திரிச்சுக் கத்த முடியுமா? எம் புருசன் இன்னும் அதச் சொல்லித்தான் ஏசுறாரு.”

நியாயம்தானே? செட்டில் ஒவ்வொருத்தரிடமும் கேட்டு, சொன்ன பாட்டை எழுதி, சொன்னவர் பெயரையும் போட்டிருக்கிறேன். இருபத்தெட்டுச் சீட்டு. சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த மாதம் போடி மேடையில் அவற்றை வாசிக்கப் போகிறவனும் நான்தான்.

அத்தனையும் ஒரே கையெழுத்தில் இருக்கும். தயவுசெய்து யாரும் கள்ள ஓட்டு என்று கிளம்பிவிடாதீர்கள்!